முதல் பூ யார் வீட்டில்?

"கழுத்தோட சேர்த்து வெட்டுய்யா! தலை தனியா வந்துச்சு, அப்புறம் உன் தலை இருக்காது!" என்று பல்லைக் கடித்தாள் எல்சிரா.

கணவன் பால்தொமேரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலை ஓட்டினான். பூங்கிழங்குக் கடைக்காரர்கள் அனுப்பிய விலைப் புத்தகத்திலிருந்து செக்கச்செவேலென்று ஒரு டியூலிப் பூவின் படம், காம்போடு முழுசாக வந்தது.

சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கிற புன்தா அரேனாஸில் அது ஆகஸ்ட் கடைசி, அங்கே குளிர்காலம். வசந்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. வெளியே ஆளையே தூக்குகிற காற்று. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பூ யார் வீட்டுக் கண்ணாடித் தாழ்வாரத்தில் தெரிகிறதோ, அந்த வீட்டில்தான் தெருவே கூடித் தேநீர் குடிக்கும். ஒன்பது வருஷமாக அந்தப் பெருமை எதிர்வீட்டு தானிட்சாவுக்குத்தான்.

"'உன் கைக்கு முள்ளு கூட முளைக்காது'ன்னாளே, அத்தனை பேர் முன்னாடி! இந்த வருஷம் அவ என் வீட்டுல உட்கார்ந்து டீ குடிக்கணும். குடிக்க வைக்கிறேனா இல்லையா பாரு!"

"அவளா? வருஷா வருஷம் இதே மாசம் ரெண்டு கப் மாவு கேட்டு வர்றா. ஒரு துண்டு ரொட்டி கண்ணுல காட்டியிருக்காளா? கஞ்சப் பிசினாறி!"

"பேச்சைக் குறைச்சு இலையை வெட்டு."

மாத்தே டீத்தூள் பொட்டலத்தின் பச்சை உறையிலிருந்து இலைகள் வந்தன. பின்னல் புத்தகத்தின் மஞ்சள் ஸ்வெட்டர் படம் நாலு டியூலிப் ஆனது. மாவு காய்ச்சிய பசையால் கண்ணாடியில் ஒட்ட ஒட்ட ஒரு பாத்தியே எழுந்து நின்றது. எட்ட நின்று பார்த்த எல்சிராவுக்கு, சொன்னால் வெட்கம், கண்ணே கலங்கிவிட்டது.

"கிட்ட வந்து பார்த்தா மானம் போயிடுமேடி?" என்றான் பால்தொமேரோ.

"தாழ்வாரத்தைப் பூட்டிடு. குளிர் பட்டா வாடிடும்னு சொல்லிக்கலாம். தானிட்சா சொல்றதில்லையா?"

மறுநாள் காலை தெருவே வேலிப் பக்கம் நின்று கைதட்டியது. "அடி எல்சிரா, கில்லாடிதான் நீ!" என்று கூவினார்கள். எல்சிராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கும்பல் கலைந்ததும் அடுக்களை வழியாகச் செருப்புச் சத்தம் கேட்டது. தானிட்சா! நேராகத் தாழ்வாரத்துக்கு நடந்தாள். பால்தொமேரோ பூட்ட மறந்திருந்தான், பாவி மனுஷன்.

தானிட்சா ஒரு சிவப்பு இதழை விரலால் தொட்டாள். அது ஓரம் சுருண்டு கையோடு வந்தது. 'போச்சு, இனி இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது' என்று எல்சிரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கண் திறந்து பார்த்தால், தானிட்சா கதவைச் சாத்திவிட்டு, பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல வினிகர் ஊத்தலையா? பூசணம் புடிச்சிடும்டி. முதல் வருஷம் என் பூவெல்லாம் அப்படித்தான் போச்சு!"