மேயரின் பத்தியம்

"கோழியா என் மேயரை இப்படிச் சொறிய வெக்குது?" நார்பர்ட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. "நாலு வருஷமா தினமும் அதைத்தானே திங்குது, டாக்டர்?"

"நாலு வருஷமா தின்னதாலதான்," என்றார் கால்நடை மருத்துவர் ஷுல்ட்ஸ். "ஒவ்வாமை முதல் நாளே வராது. ஒரே இறைச்சியைத் தின்னுக்கிட்டே இருந்தா, உடம்பு ஒருநாள் அதை எதிரின்னு முடிவு கட்டிடும்."

மேயர் என்பது, விஸ்கான்சினில் நார்பர்ட்டும் மனைவி லொரெய்னும் வளர்க்கும் ஃபெரெட். கீரிப்பிள்ளையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, திருட்டுப் புத்தியையும் கொஞ்சம் கூட்டிவிட்டால் என்ன வருமோ, அது. அது சொறிகிற சத்தம் மிச்சிகன் ஏரியின் அக்கரை வரை கேட்டது. முடி கொட்டி, வால் எலிவாலாகிவிட்டது.

"எட்டு வாரம் முயல் இறைச்சி மட்டும். கோழி ஒரு துணுக்கு உள்ள போனாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இதுவும் பலிக்கலேன்னா ஆயுசுக்கும் மருந்துதான்," என்றார் டாக்டர். "ஒரே சிக்கல், குட்டியில பழகாத தீனியை இதுங்க லேசுல தொடாது."

"முயலா?" நார்பர்ட் முகம் சுளித்தார். "சின்ன வயசுல முயல் வளர்த்தவன் நான். அதை எவன் தின்பான்?"

"உன்னையா தின்னச் சொன்னாங்க?" என்றாள் லொரெய்ன்.

மேயர் முயல் தீனியை ஒரு தடவை முகர்ந்தது. வரி நோட்டீஸைப் பார்த்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. மதியத்துக்குள் அதன் விலா எலும்புகளை எண்ணிவிட முடிந்தது என்று நார்பர்ட் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

மாலையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். லொரெய்ன் ரொட்டி எடுக்க எழுந்து போன நேரத்தில், நார்பர்ட்டின் தட்டிலிருந்து ஒரு துண்டு மேசைக்கு அடியில் போனது. மேயர் விழுங்கிய வேகத்தில் அவருடைய விரல் தப்பியதே பெரிய விஷயம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கிண்ணத்துத் தீனி கொல்லைக் காகங்களுக்குப் போயிற்று. அவை கொழுத்துப் போய், பறப்பதை விட்டு நடக்கத் தொடங்கின.

"ஏன் லொரெய்ன், இப்பல்லாம் கோழியில எலும்பும் இல்ல, உப்பும் இல்ல?"

"உன் பல்லுக்கும் பிரஷருக்கும்தான். பேசாம சாப்பிடு."

எட்டு வாரம் கழித்து, பாட்டில் கழுவுகிற பிரஷ் போன்ற புசுபுசு வாலோடு மேயர் டாக்டரின் மேசைமேல் குதித்தாடியது.

"பத்தியத்தை ஒழுங்கா காப்பாத்தியிருக்கீங்க," என்றார் டாக்டர்.

நார்பர்ட்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "பத்தியமாவது. தினமும் என் தட்டுலேருந்து கோழிதான் குடுத்தேன். ஒவ்வாமையாம், ஒவ்வாமை."

டாக்டர் லொரெய்னைப் பார்த்தார். லொரெய்ன் தன் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"கிண்ணத்துல வெச்சா தொடாதது, நீ திருட்டுத்தனமா குடுத்தா திங்கும்னு எனக்குத் தெரியும், நார்பர்ட்," என்றாள். "அதான் எட்டு வாரமா உன் தட்டுல முயலையே வெச்சேன்."