தீனிச் சத்தம்

ஆறு மாதமாகத் தினமும் காலையில் தவமணி குளத்துக்கரையில் நின்று, தகர டப்பாவைக் கரண்டியால் மூன்று முறை தட்டுவாள். சத்தம் கேட்டதும் கெளுத்திகள் மீசையோடு மேலே வந்து வாயைப் பிளக்கும். இடுப்பில் கட்டிய பையிலிருந்து தீனியை அள்ளி வீசுவாள்.

அன்று முதல் பிடிப்பு. சொந்தபந்தம் முழுக்க விருந்துக்கு வந்திருந்தது. “வளப்புக் கெளுத்தின்னா சேறு நாறும்னாங்க. இது என்ன சம்பந்தியம்மா, வெண்ணெயாட்டம் கரையுது!” என்று சம்பந்தி விரலைச் சூப்பினார். தவமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

“ரெண்டாம் பந்தி உக்காந்தாச்சு. அடுத்த கொழம்பக் கூட்டு, தவமணி” என்று புருஷன் கலியமூர்த்தி வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

சற்றுமுன்தான் அவளே சாம்பல் போட்டுத் தேய்த்து, குடலெடுத்து, தலை வேறு துண்டு வேறாக நறுக்கி, மஞ்சள் தடவி அலுமினியச் சட்டியில் போட்டிருந்தாள். கரண்டியில் ஒட்டிய மசாலாவை உதற, அந்தச் சட்டியின் விளிம்பில் மூன்று முறை தட்டினாள்.

சட்டிக்குள் அத்தனை தலைகளும் வாயைத் திறந்தன.

“என்ன, ஆச்சா?” என்றான் கலியமூர்த்தி.

அவள் கை இடுப்பில் தீனிப் பையைத் தேடிக்கொண்டிருந்தது.