ஐந்து பத்து பஸ்

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் பஸ் தரிப்பில் விடியல் இன்னும் சாம்பல் நிறமாகத்தான் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போகும் சூசைதாசன், கண்ணாடியில் ஒட்டிய அறிவித்தலை விரல் வைத்து மூன்றாம் தரம் வாசிக்கிறார். மின்சாரக் கார்கள் பெருகியதால் எண்ணெய் வரி விழுந்துவிட்டதாம். போக்குவரத்துச் செலவைக் குறைக்க வேண்டுமாம். இந்தக் கிழமை ஆட்களை எண்ணிப் பார்த்து, ஆளில்லாத காலை பஸ்களை நிறுத்துவார்களாம். "கார் மாத்தினது அவையள், நிப்பாட்டுறது எங்கடை பஸ்ஸையோ?" என்று முனகுகிறார். ஈரத்தெருவில் மஞ்சள் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு காலை ஐந்து பத்து பஸ் வந்து நிற்கிறது. திறந்த கதவுக்குள்ளே மேலங்கி போட்ட ஒருவன், கையில் டப்லெட் கணினியோடு சிரிக்கிறான். கூட வேலை செய்யும் றஞ்சினி அவருடைய கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஏறாதேங்கோ அண்ணை. எண்ணுறமெண்டு சொல்லிப்போட்டு விசாதான் பாப்பாங்கள். என்ரை முடிஞ்சுபோச்சு, புதுசு இன்னும் வரேல்லை." சூசைதாசனுக்கும் அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் எவன் சும்மா சிரிப்பான்? "ஏறவில்லையா?" என்று அவன் ஜெர்மனில் கேட்கிறான். சும்மா நடக்க வந்தோம் என்று சூசைதாசன் கையை ஆட்டுகிறார். சட்டைப்பையில் ரப்பர் கையுறையின் விரல்கள் வெளியே தொங்குகின்றன. அவன் திரையை ஒருதரம் தொடுகிறான். கதவு மூடுகிறது. வெறும் இருக்கைகளோடு பஸ் நகர்கிறது.

"ஐயோ, எங்களை எழுதிப்போட்டான் அண்ணை!"

பஸ் கண்ணாடி வழியே திரையைப் பார்த்துவிட்ட சூசைதாசன் அறிவித்தலைத் திரும்பிப் பார்க்கிறார்.

"இல்லைப் பிள்ளை. சைபர் போட்டவன்."