எட்டாயிரம் இடது கை

"யார் செய்தது? ஐந்து மணிக்குள் எனக்குப் பெயர் வேண்டும்!"

வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் அனுப்பி வைத்த புது மேனேஜர், புத்தகத்தில் கற்ற தமிழில் இடி இடித்தார். மேஜை மேல் கையுறைகள் மலையாகக் குவிந்திருந்தன. எட்டாயிரம். அத்தனையும் இடது கை.

"அந்த நபருக்கு வேலை போகும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் நாட்டில் தவறு செய்தவர் எழுந்து நின்று சொல்வார். நீங்கள் ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்?"

கட்டிங் மாஸ்டர் எழுந்தார். "நான்தான் சார். தூக்கக் கலக்கத்துல வெட்டிட்டேன்."

மேனேஜர் முகமெல்லாம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

"அவர் சும்மா சொல்றார் சார்!" டெய்லர் துள்ளி எழுந்தார். "தைச்சது நான். வலது கைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

"ரெண்டு பேரும் புளுகறாங்க. வெட்டற அச்சை மாத்திக் கொடுத்தது நான்," என்றார் ஸ்டோர் அக்கா.

பேக்கிங்கில் இருந்த ஏழு பேரும் கோரஸாக, "நாங்கதான் சார்!"

வாட்ச்மேனுக்கும் பொறுக்கவில்லை. "நானும் ஏதாவது பண்ணியிருப்பேன் சார், எழுதிக்குங்க."

மேனேஜர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "பதினோரு குற்றவாளிகளா? எல்லோரையும் அனுப்பிவிட்டால் நாளை யார் தைப்பது? உங்களுக்கு உண்மை பேசவே தெரியாதா?"

தாளைக் கசக்கி எறிந்தார். 'செய்தவர் யாரென்று தெரியவில்லை' என்று மெயில் அனுப்ப அறைக்குள் போனார்.

கதவு மூடியதும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லீவு முடிந்து அன்றுதான் வந்த சூப்பர்வைசருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"என்னய்யா கூத்து இது? நிஜமா யார் பண்ணது?"

ஸ்டோர் அக்கா ஆர்டர் தாளை நீட்டினார். 'இடது' என்ற கட்டத்தில் எட்டாயிரம். 'வலது' காலி. கீழே மேனேஜரின் கையெழுத்து.

"அடப்பாவமே! வெட்டறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

"அவ்வளவு பெரிய மனுஷர் எழுதினதைப் போய் எப்படிக் கேக்கறது?" கட்டிங் மாஸ்டர் நெளிந்தார்.

"சரி, இப்பவாவது தாளை அவர்கிட்ட காட்டுங்க."

"நல்லா இருக்கே!" அக்கா தாளை வெடுக்கென்று பிடுங்கினார். "காட்டினா அந்த மனுஷன் அடுத்த நிமிஷமே மேல போன் போட்டு 'நான்தான் செய்தேன்'னு சொல்லிடுவார். பொண்டாட்டி பிள்ளையோட கண்காணாத ஊருக்கு வந்திருக்கார், வேலை போயிடாதா?"