செட்டை வெட்டாத மீன்

படகு மறுபடியும் தூக்கிப் போட்டது.

அவர் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்குச் சிரித்துக்கொண்டே இருப்பதென்று காலையிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர்.

எதிரே மகள் ஆரணி. மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தந்த பரிசு இது. வான்கூவர் தீவுக்கு அப்பால், திறந்த கடலில், ஒரு நாள் முழுக்க சால்மன் பிடிக்கலாம்.

அவர் ஒரு கம்பளிச் சட்டையை எதிர்பார்த்திருந்தார்.

காற்று விடிந்ததிலிருந்தே சரியில்லை. படகோட்டி, செம்பட்டைத் தாடிக்காரன், திரும்பிவிடலாமா என்று ஒருமுறை கேட்டான். ஆரணி அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கென்ன, நான் நல்லா இருக்கிறன்," என்றார்.

பொய். அலைகூடப் பரவாயில்லை. அந்த டீசல் மணத்தைத்தான் தாங்க முடியவில்லை.

இதே கரைக்கு அவர் அகதியாக, கையில் ஒரு பத்திரமும் இல்லாமல், கப்பலில் வந்து சேர்ந்தவர். அடித்தட்டில், முன்பின் தெரியாதவர்களோடு ஒட்டிக் கிடந்து, கடலைக் காணாமலே கடலைக் கடந்தவர். அதற்குப் பிறகு பூங்கா ஏரியின் படகில்கூட ஏறியதில்லை.

ஆரணிக்கு இது தெரியாது. அவள் பின்னால் அம்மாவோடு விமானத்தில் வந்தவள். அப்பாவும் அப்படித்தான் வந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று முதலில் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பயத்தைக் காட்டினால் ஏன் என்று கேட்பாள்.

அதனால் சிரித்தார்.

தூண்டில் தடி வளைந்தது.

ஆரணி கத்திக்கொண்டே அதை எடுத்து அவர் கையில் திணித்தாள். தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடியது. அவர் உருளையைச் சுற்றினார். மீன் இழுத்தது. மறுபடியும் சுற்றினார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. படகு சரிந்தபோது ஆரணி பின்னாலிருந்து அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கொஞ்ச நேரம் டீசல் மணக்கவில்லை.

மீன் படகோரம் வந்தது. வெள்ளி நிறம், நல்ல தடிப்பு. வலையோடு குனிந்த படகோட்டி அதன் முதுகைப் பார்த்தான். வலையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"விட வேணுமாம், அப்பா."

"ஏன்?"

"முதுகில, வாலுக்கு முன்னால ஒரு சின்னச் செட்டை இருக்குது, பாருங்கோ. பண்ணையில குஞ்சா பொரிச்ச மீனெண்டா அதை வெட்டித்தான் கடலில விடுவினம். அதுதான் அடையாளம். இதுக்கு வெட்டேல்லை. இது தானா வந்த மீன்."

"அடையாளம் இல்லையெண்டா?"

"விட்டிடுவினம். அதுதான் இங்கத்தைச் சட்டம்."

படகோட்டி தூண்டில் முள்ளை ஒரு திருப்புத் திருப்பினான். அது கழன்றது. மீன் படகின் பக்கத்திலேயே கொஞ்சம் நின்றது. பிறகு இல்லை.

அவர் இருக்கையில் வந்து விழுந்தார். கை தானாகக் கம்பியைத் தேடிப் பிடித்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இது காலையில் முடிவு செய்த சிரிப்பு இல்லை. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கன்னம் நனைந்தது. கடல் தண்ணீர் தெறித்தது என்று சொல்லியிருக்கலாம்.

"என்னட்டயும் ஒரு அடையாளமும் இருக்கேல்லை, பிள்ளை," என்றார். "என்னை விடேல்லை. பிடிச்சுக் கனகாலம் உள்ள வைச்சிருந்தவை."

ஆரணியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"எங்க, அப்பா? எயார்போட்டிலயா?"

படகு மறுபடியும் தூக்கிப் போட்டது.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்.