அக்காவின் கை

ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்து முடித்த கையோடு, அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்தாள். வெடிப்புகளில் சாறு இறங்கியதும் உயிர் போனது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முகத்தை விட்டுட்டு கைக்கு என்னம்மா இவ்வளவு அலங்காரம்? மாப்பிள்ளை கைய மட்டும்தான் பாப்பாராமா?" என்று சமையல் மாஸ்டர் கேலி செய்தார்.

"ஆமா மாஸ்டர், கைய மட்டும்தான். கொஞ்சம் பாலாடை குடுங்களேன்."

அவர் கரண்டி நிறைய அள்ளிக் கொடுத்தார். அதில் தேனைக் குழைத்துப் பூசிக்கொண்டு, கால் மணி நேரம் இரண்டு கையையும் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு வெந்நீரில் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

கையை மட்டும் பார்ப்பது மாப்பிள்ளை அல்ல, அம்மா. சர்க்கரை நோயில் அம்மாவுக்குக் கண் போய் நாலு வருஷம் ஆகிறது. முதியோர் இல்லத்துக்கு ஞாயிறு தவறாமல் போய் வந்தவள் அக்காதான். இவளுக்கு ஞாயிறும் வேலை. அக்கா நூலகத்தில் வேலை பார்த்தவள். கை பஞ்சு மாதிரி இருக்கும்.

அந்த அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. "இருதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. இந்தச் சேதிய அவங்க தாங்க மாட்டாங்க" என்று இல்லத்து டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். போனில் அம்மாவே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறாள். கைதான் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஆறு வாரமாக ஞாயிறு மத்தியானம் மாஸ்டரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு இத்தனை பாடு.

"வாடி பெரியவளே." அம்மா கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தாள். வழக்கம்போல் மகளின் கையை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"சின்னவ ஒழுங்கா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாம்மா."

"தூங்குறாளா?"

"ம்."

"ரொம்ப அழுறாளா?"

"அவ எதுக்கும்மா அழப்போறா?" இருமிச் சமாளித்தாள். அக்காவை நினைத்து வாய்விட்டு அழ அவளுக்கு ஓர் இடம் இல்லை. அழக்கூடிய ஒரே மடி இதுதான், இங்கேதான் அழக் கூடாது.

அம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையணைக்கு அடியில் துழாவி, தலைக்கு என்று சொல்லிப் போன வாரம் இவளையே வாங்கித் தரச் சொன்ன தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். மூடி அப்போதுதான் திறக்கப்பட்டது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மகளின் விரல்களில் ஒவ்வொரு வெடிப்பாகத் தேடித் தடவினாள்.

"புண்ணுல எலுமிச்சம்பழம் தேய்க்காதடி, சின்னவளே."