உலகத்தில் இல்லாத ஆள்

"அந்த ஆள் உலகத்துலயே கிடையாது மேடம்! கம்ப்யூட்டர் செஞ்ச முகம். அவரைப் போய் எல்லாரும் தெரியும்ங்கறாங்க!"

மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பட்டப்பகலில் பேயறைந்த முகத்தோடு வந்து நின்றால் எந்த வழிகாட்டிக்குத்தான் எரிச்சல் வராது?

"முதல்ல உட்காரு. 'எல்லாரும்'னு சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எத்தனை பேர்?"

"மூணு பேர் மேடம். சீக்கிரம் சொல்லிடறேன், வெளியில வேற யாரோ காத்துட்டிருக்காங்க." மங்கலான கண்ணாடிக் கதவின் பக்கம் கையைக் காட்டினாள்.

"காத்திருக்கட்டும். நீ சொல்லு."

துறையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'. தொட்டதற்கெல்லாம் சந்தேகம் கேட்டு மேடத்தின் உயிரை எடுப்பாள். இன்றைக்கோ ஒரு சந்தேகமும் கேட்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

வயதானவர்களுக்கு முகங்கள் எவ்வளவு தூரம் நினைவில் நிற்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. வாராவாரம் முதியோர் இல்லத்துக்குப் போய், ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டுப் படங்களை நீட்டி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்பாள். பாதிப் படங்கள் அங்கேயே வேலை செய்கிற நர்ஸ், சமையல்காரர் என்று நிஜ மனிதர்கள். மீதி, கம்ப்யூட்டர் உருவாக்கிய பொய் முகங்கள். வந்த பெண் மனசு நோகக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் "தெரியுமே!" என்று தலையாட்டுகிற நல்ல உள்ளங்கள் பொய் முகத்தில் மாட்டிக்கொள்ளும். மேடம் சொல்லிக்கொடுத்த உத்திதான்.

மற்ற பொய் முகங்களில் ஒருவரும் மாட்டவில்லை. இந்த ஒன்றில்தான் வில்லங்கம். ஒல்லியாய், முன்வழுக்கையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பொறுமையாய்ப் பார்க்கிற ஓர் ஆள்.

"மூணு பேரும் முதல்ல ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க மேடம். 'எங்கயோ பார்த்த முகமா இருக்கே'ன்னு. அப்புறம் ஒருநாள் போனா, 'இவரா? அதோ கதவுகிட்ட நிக்கிறாரே, பாவம், உட்காரச் சொல்லும்மா'ங்கறாங்க. திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல."

"அப்புறம்?"

"அடுத்த தடவை போனா கட்டில் காலி. ஒருத்தருக்கு ரெண்டே வாரத்துல. இன்னொருத்தருக்கு மாசக்கணக்குல ஆச்சு. ஆனா மூணு பேருமே போயிட்டாங்க."

"முதியோர் இல்லம்மா அது. கட்டில் காலியாகாம இருந்தாத்தான் அதிசயம்."

அவளுக்குச் சுருக்கென்றது. மேடத்தின் நாக்கு அப்படி. மனசு அவ்வளவு மோசமில்லை.

"நேத்து டீச்சரம்மாவும் 'எங்கயோ பார்த்த முகமா இருக்கே'ன்னுட்டாங்க மேடம்!" சொல்லும்போதே கண் கலங்கியது. அந்த இல்லத்தில் அவள் போனதும் தலையைக் கோதி, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்கிற ஒரே ஜீவன் டீச்சரம்மா. "இனிமே அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். பட்டம் போனாலும் பரவாயில்ல."

"அடி அசடே! படம் என்ன செய்யும்? நீ எங்கயோ ஒரு தப்பு பண்ணியிருக்க. அதைக் கண்டுபிடிக்காம ஓடினா அதுக்குப் பேர் ஆராய்ச்சியா? நீயே முகத்தால ஜாடை காட்டியிருப்ப."

"அப்படித்தான் நானும் நினைச்சு என் ரூம்மேட்டை அனுப்பினேன். எது நிஜம், எது பொய்னே அவளுக்குத் தெரியாது. அப்பவும் அதேதான்."

"அந்த ஜாடையில அங்க யாராவது வேலை பார்க்கறாங்களா?"

"விசாரிச்சிட்டேன். இல்ல."

"நல்லா இருக்கறவங்ககிட்ட காட்டினியா?"

"நம்ம துறையில ஒருத்தர் விடாம காட்டிட்டேன். யாருக்குமே தெரியல."

"எனக்குக் காட்டலையே. கொடு."

அவள் தயங்கித் தயங்கிப் படத்தை நீட்டினாள். மேடம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முகத்துக்கு நெருக்கமாய் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா இந்த ஆளை."

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடத்தின் மேல் இத்தனை பிரியம் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சரி, இதைச் சொல்லு," மேடம் பேனாவை எடுத்தார். "கம்ப்யூட்டர் முகமா கொட்டியிருக்குமே, அதுல எப்படித் தேர்ந்தெடுத்த? குலுக்கல் முறையிலதானே?"

"ஆமா மேடம். எல்லாமே குலுக்கல்தான்... அந்த ஒண்ணைத் தவிர."

"பார்த்தியா!" மேடம் மேஜையைத் தட்டினார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில். "அங்க இருக்கு தப்பு! அதை மட்டும் ஏன் நீயா எடுத்த?"

"ஒரு முகம் கோணலா வந்துடுச்சு மேடம். அதுக்குப் பதிலா ஒண்ணு வேணும்னு திரையில தள்ளிட்டே வந்தேன். இந்த முகத்துகிட்ட வந்ததும் கை தானா நின்னுடுச்சு. ஏன்னா..."

அவள் வாய் பாதியில் நின்றது. அந்த வார்த்தைகளை இதுவரை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தாள்.

"ஏன்னா?"

"எங்கயோ பார்த்த முகமா இருந்துச்சு மேடம்."

மேடத்தின் பேனா அப்படியே நின்றது. அவள் மெல்லக் கதவின் பக்கம் திரும்பினாள்.

"மேடம்... வெளியில அவ்வளவு நேரமா காத்துட்டிருக்காரே, அவர் யாருன்னு கொஞ்சம் பாருங்களேன்."

மேடம் எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தார். நீளமான தாழ்வாரம் வெறிச்சோடிக் கிடந்தது.

"யாரைச் சொல்ற? கதவைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கேன், நீ வந்ததுல இருந்து இங்க ஒருத்தரும் இல்லையேம்மா!"